பழைய வீட்டுக்குப் புதுக் கூரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொன்ன பெரியவர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இருக்கிற வீட்டில் குடியிருந்துகொண்டே அதன் கூரையைப் பிரித்து, பக்கத்தில் ஓர் அறையையும் நீட்டிப் பார் என்பதே அது. புது வீடு கட்டுகிறவன் வெறும் மனையோடு மட்டும் போராடுகிறான். பழைய வீட்டை நீட்டுகிறவனோ, தன் பாட்டனார் செய்து வைத்த காரியங்களோடும் அவர் செய்யாமல் விட்ட காரியங்களோடும் போராட வேண்டியிருக்கிறது. சுவரில் கை வைத்தால் விட்டம் அசைகிறது. விட்டத்தைத் தொட்டால் ஓடு சரிகிறது. ஓட்டை இறக்கினால் கைமரத்தில் பாதியைக் கரையான் தின்றிருப்பது தெரிகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் வானத்தில் மேகமும் கூடுகிறது.

இராமநாதபுரம் சீமையின் கடற்கரையில் தை பிறந்ததும் இந்த வைபவம் தொடங்கிவிடும். அறுவடைப் பணமோ, மீன்பாட்டுப் பணமோ, அயல்நாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய பணமோ கைக்கு வரும். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும்; ஓர் அறை வேண்டும். அல்லது யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விட ஓர் அறை வேண்டும். கொத்தனார் ஒருவரும், யோசனை சொல்லும் பந்துக்கள் பதினைந்து பேரும் வந்து சேருவார்கள். அறை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று வீட்டிலுள்ள ஸ்திரீகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாள் முழுவதும் அந்த வீட்டிலே நடமாடுகிறவர்கள் அவர்கள்தாம் என்பது, கட்டி முடிந்து சமையலறைக்குக் காற்று வராமல் போன பிறகே நினைவுக்கு வருகிறது.

ராமேசுவரத் தீவில் வீட்டை நீட்டியவர்களில் முதல்வர் ராமநாத சுவாமியே என்று சொன்னால் அபசாரமாகாது என்று நம்புகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையில் சுவாமி ஒரு கீற்றுக் கொட்டகையில்தான் எழுந்தருளியிருந்தார் என்றும், ஒரு துறவியின் பராமரிப்பில் அந்தக் கொட்டகை இருந்து வந்தது என்றும், முதற் கற்கட்டடத்தை இலங்கை மன்னன் பராக்கிரமபாகு எழுப்பினான் என்றும் வரலாறு சொல்லப்படுகிறது. பிறகு சேதுபதிகள் ஒவ்வொருவராகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். உலகம் பார்த்து வியக்கிற மூன்றாம் பிராகாரம் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாயிற்று. அதில் 1,212 தூண்கள் என்பது வழக்கமான கணக்கு. மணலும் பனையுமான இந்தத் தீவுக்கு அத்தனை கருங்கல்லும் கடல் தாண்டித்தான் வந்தது. கீற்றுக் கொட்டகையிலிருந்து கற்கூரைக்கு வர ஆறு நூற்றாண்டு பிடித்திருக்கிறது! நம்முடைய கொத்தனார் ஆறு மாதம் தாமதம் செய்தால் கோபித்துக்கொள்வது நியாயமா என்று யோசிக்க வேண்டும்.

கோயிலுக்கு அருகே, மசூதித் தெருவில் மற்றொரு வீடு இருக்கிறது. ஜனாதிபதியாக இருந்து 2015-ஆம் வருஷம் காலமான அப்துல் கலாம் அவர்களின் பரம்பரை வீடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டிய வீடு என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1931-இல் அவர் பிறந்தபோது இருந்த வடிவத்தில் அவ்வீடு இப்போது இல்லை. மேலே மாடி எழுந்து, அதில் அவருடைய வாழ்க்கையைக் காட்டும் பொருட்காட்சி அமைந்திருக்கிறது. அவருடைய தகப்பனார் ஜைனுலாப்தீன் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக மரப்படகு ஒன்று கட்டினார். அந்தப் படகை ஒரு புயல் கொண்டுபோயிற்று. படகு போயிற்று, சுண்ணாம்பும் செங்கல்லுமான வீடு நின்றது. கடற்கரையில் குடும்பம் நடத்துகிறவர்கள் எதை எங்கே கட்டுவது என்று யோசிப்பதற்கு இந்த ஒரு குடும்பத்தின் கதையிலேயே போதிய விஷயம் இருக்கிறது.

ஆனால் கூரையைப் பற்றிய பாடம் முழுவதையும் படிக்க வேண்டுமானால் தனுஷ்கோடிக்குத்தான் போகவேண்டும்.

1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரையில் ரயில் ஓடிற்று. அங்கிருந்து சுமார் பதினெட்டு மைல் தூரத்திலுள்ள தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. சென்னையில் ரயில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம் என்று ஏற்பட்டதும், மணல்திட்டாயிருந்த அந்த முனை ஊராயிற்று. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், மாதாகோயில் எல்லாம் எழுந்தன. கடலிலிருந்து வெட்டிய பவளக்கல்லையும், அதையே சுட்டு எடுத்த சுண்ணாம்பையும் வைத்துச் சுவர்கள் எழுப்பினார்கள்.

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு, இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து வந்த புயல் பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியின்மேல் விழுந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் ஊர் எல்லையை நெருங்கும்போது அலையில் மூழ்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரு கரைகளிலும் சேர்த்து இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசாங்கம் தனுஷ்கோடியை அறிவித்தது.

இன்று அங்கே போகிறவர்கள் முதலில் கவனிப்பது மாதாகோயிலின் சுவர்களை. நின்று கவனிக்கவேண்டிய விஷயம், அவை சுவர்களாகவே நிற்கின்றன என்பது. கூரை இல்லை. ரயில் நிலையத்தின் எஞ்சிய பகுதியிலும் அப்படியே. பவளக்கல்லில் கனமாக எழுப்பிய சுவர், காற்றையும் அலையையும் ஓரளவு தாங்கிக்கொண்டது. அதன் தலைமேல் இருந்தது தாங்கவில்லை. புயல் தொடங்கிய வேலையை உப்பும் காலமும் முடித்தன. நாம் கடைக்கால் தோண்டும்போது எத்தனையோ ஜாக்கிரதையாக இருக்கிறோம். பூஜை போடுகிறோம், ஆழம் அளக்கிறோம். கூரை விஷயத்திலோ, மழை ஒழுகாமலிருந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். கூரை மேலேயிருந்து கீழே விழும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கீழேயிருந்து மேலே போகும் என்பது கடற்கரையில் இருப்பவர்களுக்கே சில சமயம் தோன்றுவதில்லை.

வகுப்பில் இதைச் சிறுவர்களுக்குக் காட்டுவது சுலபம். ஒரு முழ நீளக் காகிதத் துண்டின் ஒரு முனையைக் கீழுதட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் மேற்புறமாக ஊதவேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் காகிதம் எழும்பி நிற்கும். காற்று கூரைக்குச் செய்வதும் ஏறத்தாழ இந்த வேலையே. மேற்புறத்தில் உறிஞ்சுகிறது, திறந்த ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ உள்ளே புகுந்தால் அடியிலிருந்தும் தள்ளுகிறது. இறவாரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் இந்தப் பலம் மிக அதிகம்.

கணக்குப் பிடிக்காத வாசகர்கள் அடுத்த சில வரிகளை மன்னிக்க வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம், சதுர அடிக்குச் சுமார் மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். 180 கிலோமீட்டரானால் அது பதினான்கு கிலோ ஆகிவிடும். கூரையின் சரிவையும் இடத்தையும் பொறுத்து உறிஞ்சும் பலம் இதற்குக் குறையலாம், கூடவும் செய்யலாம். இப்போது கூரையின் எடையைப் பாருங்கள். கல்நார் ஷீட்டு சதுர அடிக்கு ஒன்றரைக் கிலோதான். மங்களூர் ஓடு சுமார் நான்கு கிலோ. நான்கு அங்குலக் கான்கிரீட் தளமோ இருபத்து மூன்று கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றின்மேல் அந்தப் பெருங்காற்று சுமார் ஆயிரத்தெழுநூறு கிலோ பலத்தோடு தூக்கிப் பார்க்கிறது. கான்கிரீட் தளம் தன் எடையினாலேயே அசையாமல் கிடக்கும். ஓடும் ஷீட்டும் கட்டிப் போட்டிருந்தாலொழிய நிற்கமாட்டா. கான்கிரீட் மோகத்துக்கு இந்தக் கடற்கரையில் காரணமில்லாமலில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால் கான்கிரீட்டுக்கு இங்கே காற்றைவிடப் பெரிய சத்துரு ஒன்று இருக்கிறது. அது உப்பு. உப்புக் காற்றும் உப்பு நீரும் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகின்றன. துருப்பிடித்த இரும்பு, பழைய இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து காப்பி சாப்பிடும்போது மேலேயிருந்து ஒரு பலகை அளவு காரை பெயர்ந்து விழுவதும், உள்ளே கம்பி செங்காவி நிறத்தில் பல்லை இளிப்பதும் இத்தீவில் அபூர்வக் காட்சியல்ல. இருபது வருஷம்கூட ஆகாத வீடுகளிலே அதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே நூற்றைம்பது வருஷத்துச் சுண்ணாம்பு வீடு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவரைப் போலச் சௌக்கியமாக இருக்கும். அதற்குள் கம்பியே இல்லையல்லவா?

பாம்பன் பாலத்தின் கதையும் இதுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஓயாமல் வர்ணம் பூசிப் பூசிக் காப்பாற்றிய இரும்பை உப்பு அரித்துவிட்டது. 2022-ஆம் வருஷம் டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், விசேஷ வர்ணப் பூச்சும் கையாண்டிருக்கிறார்கள். ரயில்வேக்காரர்களுக்கு அதெல்லாம் முடியும். குடும்பஸ்தனுக்கு என்ன வழி?

முதலாவது, கடல்மணலைத் தொடக்கூடாது. வாசலிலேயே இலவசமாகக் கிடக்கிறதே என்ற சபலம் யாருக்கும் வரும். அந்த இலவசம் போல விலை உயர்ந்த சாமான் வேறு இல்லை. இரண்டாவது, கலவை பிசையும் நீர். இத்தீவின் கிணறுகள் பல உப்புக் கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குடிப்பதற்கு ஆகாத நீர் கான்கிரீட்டுக்கும் ஆகாது என்று வைத்துக்கொண்டால் சாதாரணமாகப் போதும். மூன்றாவது, கம்பிக்குக் கீழே இருக்கவேண்டிய கான்கிரீட்டின் கனம். உள்நாட்டு வீடுகளில் இருபது மில்லிமீட்டர் போதும். கடற்கரை வெளிக்கு அதே தர நிர்ணயம் நாற்பத்தைந்து கேட்கிறது. கொத்தனார்கள் பலர் கம்பிக்கடியில் ஒரு ஜல்லிக்கல்லைச் செருகிவிட்டு, "இது போதும் ஐயா" என்பார்கள். போதாது. ஒரே கனத்தில் சிமெண்டுக் கட்டைகள் வார்த்து வைத்துக்கொண்டு, தளம் போடுகிற அன்று வீட்டுக்காரர் குனிந்து பார்க்கவேண்டும். பிறகு பாத்தி கட்டிப் பத்து நாளாவது நீர் நிறுத்தவேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை; பொறுமையே வேண்டும்.

சுண்ணாம்புத் தளம் என்ற ஒன்றை நம் ஊர்களில் அநேகமாக மறந்துவிட்டோம். மரச்சட்டங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கட்டாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, ஸ்திரீகள் வரிசையாக உட்கார்ந்து நாட்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். அந்தத் தாளம் தெருக்கோடி வரையில் கேட்கும். பிறகு தட்டோடு பதித்துவிட்டால் இரண்டு தலைமுறைக்குக் கவலையில்லை. மரமும் கிடைப்பதில்லை, தட்டுகிற கைகளும் கிடைப்பதில்லை என்று இப்போது சொல்லுகிறார்கள். உண்மைதான். ஆனாலும் பழைய வீட்டில் அப்படி ஒரு தளம் இருந்து, நாலு இடத்தில் மட்டும் ஒழுகுகிறது என்றால், அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒழுகுகிற இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு கொண்டே செப்பனிட்டால் வேலை முடிந்தது.

ஓட்டைப் பற்றி ஒரு வேடிக்கை. மங்களூர் ஓட்டைச் சீமை ஓடு என்று நம்மவர்கள் அழைத்தார்கள். 1865-இல் பாசல் மிஷன் பாதிரிகள் மங்களூரில் ஆலை வைத்ததனால் வந்த பெயர் அது. மண்ணும் நம்முடையது, சுட்டவர்களும் நம்மவர்கள். பெயர் மட்டும் சீமை. சுதேசிக் கூரை வேண்டும் என்று உறுதி கொண்டவர்களும் ஓட்டின்கீழ் தாராளமாக உட்காரலாம். ஓட்டுக் கூரை மூச்சு விடுகிறது. பகலில் காய்ந்த கான்கிரீட் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கும். ஓடு சூரியன் சாய்ந்ததும் ஆறிவிடும். பங்குனி, சித்திரையில் இந்தத் தீவில் இரவைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்படியானால் ஓட்டைக் காற்றிடமிருந்து காப்பது எப்படி? சரிவு முப்பது பாகைக்குக் குறையாமல் இருக்கவேண்டும். சரிவு குறைந்த இலேசான கூரையைத்தான் காற்று அதிகமாகத் தூக்கும். இரண்டு பக்கம் சரிந்து இரண்டு பக்கம் முக்கோணச் சுவராக நிற்கும் கூரையைவிட, நாலு பக்கமும் சரிந்த கூரை புயலில் நன்றாகத் தப்புகிறது. இறவாரம் சுவரைவிட்டு ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. கைமரம் சுவரின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. சுவருக்குள் இறக்கிய இரும்புப் பட்டையோடு அது பிணைந்திருக்க வேண்டும். இறவாரத்து வரிசையையும் முகட்டு வரிசையையும் துருப்பிடிக்காத கம்பியால் வரிச்சோடு கட்டவேண்டும். இந்தக் கட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கிலி. ஓட்டை வரிச்சோடும், வரிச்சைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரைக் கடைக்காலோடும் பிணைக்கிற சங்கிலி அது. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவற்றைக் கட்டியது வீண்.

இனி நீட்டுகிற விஷயத்துக்கு வருவோம். நம்மவர்கள் சாதாரணமாகச் செய்வது, பழைய கூரையின் சரிவையே கீழே இழுத்துச் சாய்ப்பு இறக்கிவிடுவது. செலவு குறைவு, ஒரு வாரத்தில் அறை வந்துவிடும். இராமநாதபுரத்துக்கு உள்ளே, கடலுக்கு இருபது மைல் தள்ளி, இதில் பெரிய தீங்கில்லை. கடற்கரையிலோ இது அபாயம். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த சாய்ப்புக்குள் காற்று புகுந்தால் வெளியேற வழியில்லை. அதை மேலே தூக்குகிறது. சாய்ப்பின் கைமரமும் வீட்டின் கைமரமும் ஒன்றேயானால், சாய்ப்பு போகிற போக்கில் வீட்டுக் கூரையையும் கூப்பிட்டுக்கொண்டு போய்விடும். ஆகையால் தாழ்வாரத்துக்கும் சாய்ப்புக்கும் தனிக் கூரை, தனித் தூண் வைப்பதே விவேகம். போனால் அது மட்டும் போகும்.

புது அறைக்குக் கடைக்காலும் தனி. எண்பது வருஷமாக மணலில் அமர்ந்து அமர்ந்து பழைய சுவர் அடங்கிவிட்டது. புதுச் சுவர் இனிமேல்தான் அமரவேண்டும். இரண்டையும் பல் வைத்துப் பிணைத்துவிட்டால், புதியது இறங்கும்போது சந்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விழும். விழுந்ததும் ஜோசியரைத் தேடி ஓடுகிறவர்களும் உண்டு. ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, அதன்மேல் தகடு மூடிவிட்டால் கிரகங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஓட்டுக் கூரைகள் சந்திக்கிற கூடல்வாய்தான் ஒழுகுகிற இடம் என்பதையும் சொல்லவேண்டும். கூடல்வாயே வராதபடி புது அறையைச் சற்று விலக்கி, நடுவே ஒரு நடை விட்டுக் கட்டமுடியுமானால் அப்படிக் கட்டுவது மேல்.

ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. 1936-இல் சேவாகிராமத்தில் அவர் குடியேறிய குடிசை மண்ணும் மூங்கிலும் கொண்டது. கேரளத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சிக்கனமாகக் கட்டிய லாரி பேக்கர் இந்த ஒரு வார்த்தையைத்தான் வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டார். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் குறைக்கும் முறையை நம் நாட்டில் பரப்பியவர் அவர். ராமேசுவரத் தீவில் ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கிறது? பனை கிடைக்கிறது, ஓலை கிடைக்கிறது, தென்னை கிடைக்கிறது. வைரம் பாய்ந்த பனங்கைகளுக்கு இணையான மரம் இந்தச் சீமையில் இல்லை. ஆனால் கண்டபடி வெட்டித் தீர்த்தபின், 2021-ஆம் வருஷம் தமிழக அரசாங்கம் பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நியாயமான காரியம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கைகளை விறகுக்குத் தள்ளிவிடாமல், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சத்தம் கணீரென்றிருப்பவற்றைப் புது அறைக்கு எடுத்து வைக்கலாம்.

பவளக்கல்லும் ஐந்து மைலுக்குள்தான் கிடைக்கிறது. அதைத் தொடக்கூடாது. பவளப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததன் பலனாக, மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1986-இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. 2001 முதல் பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கரைக்கு முன்னால் அலையின் வேகத்தைத் தடுத்து நிற்கும் பாறையைப் பெயர்த்து வந்து, அலைக்குப் பயந்து சுவர் எழுப்புகிற புத்தியை என்னவென்று சொல்ல!

இத்தனையும் பட்டா உள்ள மனையில், சொந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு. தனுஷ்கோடிக்காரர்களின் நிலைமை வேறு. வாழத் தகுதியற்றது என்று அறிவித்த இடத்திலே, புயலுக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டுக்கொண்டன. கடல் அங்கேதானே இருக்கிறது! மணலில் சிறு ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தார்கள். உப்புக் கடலுக்கு நடுவே மேலாக மிதக்கும் மழைநீர் அது. அரை நூற்றாண்டுக்கு மேல் மின்சார விளக்கு இல்லாமலே வாழ்ந்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை வந்தது. அதில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வண்டிகளுக்குச் சாலை போடத் தகுதியான இடம், அங்கே இருப்பவர்களுக்குக் கூரை போட மட்டும் தகுதியற்றதாகிவிட்டது.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் அந்தக் குடிசைகளில் ஒன்றிலிருந்து வந்தவர். வெளியூரில் சம்பாதித்து நாலு காசு சேர்த்திருக்கிறார். "அம்மாவுக்கு ஓலை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது, சார். ஒரே ஓர் அறை, கான்கிரீட் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். கீற்றோ ஓலையோ இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேயவேண்டும். கூலி ஏறிவிட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஸ்திரீ ஒவ்வோர் ஐப்பசியிலும் பாத்திரத்தை ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் சொல்லமுடியும்?

போடவேண்டாம் என்றே சொன்னேன். சட்டத்தைப் பற்றிய காரணம் ஒன்று. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள், கட்டுமானம் தடுக்கப்பட்ட பகுதியில் ஏற்கெனவே அனுமதி பெற்று இருக்கிற வீட்டைச் செப்பனிட இடம் கொடுக்கின்றன. பரப்பை நீட்ட இடம் கொடுப்பதில்லை. பட்டாவோ அனுமதியோ இல்லாத குடிசைக்கு அந்தச் சலுகையும் இல்லை. குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டுவதற்கென்று தமிழக அரசாங்கம் 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்; 360 சதுர அடி வீடு. அதற்கும் முதலில் மனை உரிமை வேண்டும். மற்றொரு காரணம் கடல். தளம் காற்றைத் தாங்கிவிடும் என்பதை மேலே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆனால் 1964-இல் அந்த ஊரைக் கொண்டுபோனது காற்று மட்டுமல்லவே? இருபதடி உயரம் வந்ததாகச் சொல்லப்படும் அலைக்கு முன்னால், மணலில் நிற்கும் ஒற்றை அறைக்குக் கூரை எதனால் ஆனது என்பது ஒரு பொருட்டா? கான்கிரீட் அறை இருக்கிறது என்ற தைரியத்தில், எச்சரிக்கை வந்த அன்று அந்த அம்மாள் புறப்படாமல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். ஓலைக் குடிசையில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தைரியம் வராது. முதல் செய்திக்கே எழுந்துவிடுவார்கள்.

"அம்மா அங்கேயிருந்து வரமாட்டார்கள், சார்" என்றார் அவர். வரமாட்டார்தான். விடியற்காலையில் வலை கரையேறும் இடத்தை விட்டு, தங்கச்சிமடத்தில் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? ஆகவே பணத்தை இரண்டாகப் பிரித்தோம். பெரும்பங்கு, தங்கச்சிமடத்தில் அவருடைய மனைவி பேரிலுள்ள மனையில் ஓர் அறைக்கு. அதற்குக் கான்கிரீட் தளமே; நாற்பத்தைந்து மில்லிமீட்டர் கணக்கை எழுதிக் கொடுத்தேன். சிறுபங்கு தனுஷ்கோடிக் குடிசைக்கு. நாலு பக்கமும் சரிகிற கூரை. மூன்றடி ஆழத்தில் குறுக்குக் கட்டை அடித்துப் புதைத்த பனங்கால்கள். ஓலைக்குமேல் பழைய மீன்வலையை முழுவதும் போர்த்தி, அதன் ஓரக் கயிறுகளை மணலில் புதைத்த கட்டைகளோடு பிணைப்பது. வலை போர்த்தும் யோசனை என்னுடையதன்று. அந்த அம்மாள் சொன்னது. அவருடைய தகப்பனார் அப்படித்தான் செய்வாராம்.

ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு கூரையும் ஏறிவிடவேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறது. தங்கச்சிமடத்துக்கு நல்ல தண்ணீர் லாரியில் வரவேண்டும். அதற்குத்தான் இப்போது காத்திருக்கிறார்கள்.